விலாசத்துக்குள் ஒரு வினைச்சொல்

எங்கள் ஊர் விலாசத்துக்குள் ஒரு வினைச்சொல் உண்டு. மற்ற ஊர்களில் விலாசம் என்றால் பெயரும் எண்ணும்தான். போட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கும். கியோட்டோவில் விலாசம் எழுந்து நடக்கும். வீடு எந்தத் தெருவைப் பார்த்திருக்கிறதோ அந்தத் தெருவின் பெயர் முதலில். அதைக் குறுக்கே வெட்டும் தெருவின் பெயர் அடுத்து. அந்தச் சந்திப்பில் நின்று எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது கடைசியில். வடக்கே போக வேண்டுமானால் அகாரு, அதாவது ஏறு. தெற்கே என்றால் சகாரு, இறங்கு. கிழக்கே அல்லது மேற்கே என்றால் நுழை. அதற்குப் பிறகு பேட்டையின் பெயரையும் வீட்டு எண்ணையும் காகிதத்தில் எழுதுவோம், ஆனால் வாயால் யாரும் சொல்வதில்லை. என் வீடு எந்தப் பேட்டையில் இருக்கிறது என்று கேட்டால் நானே ஒரு நிமிஷம் யோசிப்பேன்.

இந்த அகாருவுக்கு எங்கள் வாயில் ஓய்வே கிடையாது. மழை விட்டால் அகாரு. மாஜாங் ஆட்டத்தில் கடைசிக் கட்டை கைக்கு வந்து ஜெயித்தால் அகாரு. வாசலில் நிற்பவரிடம் அகாரு என்று சொன்னால், காலணியைக் கழற்றிவிட்டு மேலே ஏறி உள்ளே வாருங்கள் என்று அர்த்தம்.

அந்தச் சொல்லைத்தான் குவபாரா குப்பை என்று கூட்டித் தள்ளியிருந்தான்.

குவபாரா டோக்கியோக்காரன். என்னைவிடப் பதினைந்து வயது சிறியவன், கெட்டிக்காரன், எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. கெட்டிக்காரன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை, அதுதான் எரிச்சல். நாங்கள் இருவரும் வேலை பார்த்தது, நுரையீரல் கெட்டுப்போனவர்களின் வீடுகளுக்கு ஆக்சிஜன் இயந்திரம் கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில். அந்த இயந்திரம் சுவர் பிளக்கில் ஓடும். அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக் குழாய் வழியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் நின்றுவிடும். அப்போது பக்கத்தில் வைத்திருக்கும் சிலிண்டரைத் திறந்துகொள்ள வேண்டும். அது சில மணி நேரம் தாங்கும். தீர்வதற்குள் நாங்கள் அடுத்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஆபீஸில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

புயல் வந்தால் யார் வீட்டுக்கு முதலில் ஓடுவது என்று சொல்லும் நிரலை ஜாவாவில் எழுதியிருந்தோம். நோயாளிகளின் விலாசங்களைக் கொடுத்தால் அது ஒவ்வொன்றையும் அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்களாக மாற்றும். மின்வாரியம் எங்கெங்கே கரண்ட் இல்லை என்று வரைபடமாகவே வெளியிடும். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால், கரண்ட் போன வீடுகள் சிவப்புப் புள்ளியாகவும் மற்றவை பச்சையாகவும் தெரியும். சிவப்பைப் பார்த்து வண்டி கிளம்பும். விலாசத்தை எண்ணாக்கும் பகுதி குவபாரா எழுதியது. மற்றதெல்லாம் நான்.

அதை முதன்முதலில் ஓடவிட்ட நாளை மறக்க முடியாது. சோதனைக்காக நோயாளிகளை விட்டுவிட்டு, ஊர்ப் பதிவேட்டில் இருந்த மனை எண்கள் அத்தனையையும் உள்ளே தள்ளினோம். பின்னணியில் வரைபடம் எதுவும் வைக்கவில்லை, வெறும் வெள்ளைத் திரை. முதலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில புள்ளிகள் விழுந்தன. பிறகு தூறல் வலுத்த மாதிரி பொலபொலவென்று விழ ஆரம்பித்தன. விழ விழ, எங்கே புள்ளி விழவில்லையோ அந்த வெற்றிடமெல்லாம் கோடாக நீண்டது. குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. நடுவில் அரண்மனைத் தோட்டம் பெரிய வெள்ளைச் சதுரமாக நின்றது, கிழக்கே ஆறு வளைந்து இறங்கியது. தெருவின் பெயர் ஒன்றைக்கூட நாங்கள் உள்ளே கொடுக்கவில்லை. நான் பிறந்த ஊர், யாரும் வரையாமல், தானே வந்து திரையில் நின்றது.

"எல்லாம் பொருந்திடுச்சு, உராத்தானி-சான். ஒண்ணுகூடத் தவறலை" என்றான் குவபாரா, என் பெயருக்குப் பின்னால் மரியாதைக்கு ஒரு சான் ஒட்டி.

"அப்படியா? டோக்கியோவுல கூட இப்படி வராது போல" என்றேன். எங்கள் மேலாளர் செனோ-சான் எல்லோருக்கும் மோச்சி என்ற அரிசிமாவுப் பலகாரம் வாங்கிக் கொடுத்தார். நானும் இரண்டு தின்றேன்.

புயல் செப்டம்பர் தொடக்கத்தில் வந்தது. மத்தியானம் வரை ரயில் ஓடியது, அப்புறம் எதுவும் ஓடவில்லை. ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே ஒரு தகரக் கூரை, முழுசாக, பறவையைப் போலப் பறந்து போனதைப் பார்த்தேன். காற்று கொஞ்சம் தணிந்தபோது நகரின் பல பகுதிகளில் கரண்ட் இல்லை. எங்கள் கட்டடத்தில் இருந்தது. திரையில் சிவப்புப் புள்ளிகள் வரிசையாகப் பூத்தன, வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. நிரல் சொன்னபடியே எல்லாம் நடந்தது. குவபாரா அடக்கமாக இருக்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தான்.

போன்கள் விடாமல் அடித்ததால் எல்லோரையும் எடுத்துப் பேசச் சொல்லியிருந்தார் செனோ-சான். நான் எடுத்த போனில் முதலில் மூச்சுதான் கேட்டது. பிறகு குரல்.

"மாஜாங்... ஏஜிமா பேசறேன்."

ஏஜிமா-சானை எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். ஆயுசு முழுக்க மாஜாங் கடை நடத்தியவர். தான் ஒரு சிகரெட்கூடப் பிடித்ததில்லை, வாடிக்கையாளர்கள் விட்ட புகைதான் தன் நுரையீரல் என்று பெருமையாகச் சொல்லுவார். மாதாமாதம் போன் பண்ணி, இயந்திரம் குறட்டை விடுகிறது, தன் பழைய பெண்டாட்டியே தேவலை என்று புகார் சொல்லுவார். முகத்தைப் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம்.

"சொல்லுங்க, ஏஜிமா-சான். கரண்ட் இருக்கா?"

"மத்தியானத்துலேர்ந்தே... இல்லம்மா. யாராவது வருவீங்கன்னு... பார்த்துட்டே இருக்கேன்."

திரையில் அவர் பெயரைத் தட்டினேன். பச்சை. "உங்க பக்கம் கரண்ட் இருக்குன்னு காட்டுதே."

"அப்படியா. அந்தக் கரண்ட்டைக் கொஞ்சம்... இங்க அனுப்பி விடேன்." சிரிக்கப் பார்த்தார், இருமலாகப் போனது. "சிலிண்டர் முள்ளு... சிவப்புக்கு வந்தாச்சு. போன்லயும் பேட்டரி இல்ல. எழுதிக்கோ. சகாய்மாச்சி..."

அவ்வளவுதான். லைன் செத்துவிட்டது. திருப்பி அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன், போகவில்லை.

சகாய்மாச்சி எங்கள் ஊரின் நெடுந்தெரு. அரண்மனைத் தோட்டத்தில் தொடங்கித் தெற்கே நீளமாகப் போகிறது. அதில் எந்தச் சந்திப்பு, ஏற வேண்டுமா இறங்க வேண்டுமா, எதுவும் அவர் சொல்லி முடிக்கவில்லை. பதற்றத்தில் நிரலின் தேடல் பெட்டியில் சகாய்மாச்சி என்று தட்டினேன். 'விலாசத்தை உள்ளிடவும்' என்றது. மறுபடி தட்டினேன். மறுபடியும் அதே பணிவோடு, 'விலாசத்தை உள்ளிடவும்'.

"குவபாரா-சான், கொஞ்சம் இங்க வரீங்களா? உங்க நிரல் எனக்கு மரியாதை சொல்லிக் கொடுக்குது."

அவன் வந்து பார்த்தான். "தெருப் பேரை மட்டும் போட்டா அப்படித்தான் வரும். அது இரைச்சல்னு நீக்கிடும்."

"எது இரைச்சல்?"

"தெருப் பேரு, அகாரு, சகாரு, அதெல்லாம். பதிவேட்டுல அதுக்கு இடமே கிடையாதே, உராத்தானி-சான். வார்டு, பேட்டை, எண், அவ்வளவுதான். நாடு முழுக்க எல்லாரும் இப்படித்தான் சுத்தம் பண்றாங்க."

"நாடு நேத்து வந்தது, இந்த ஊர் அதுக்கு முன்னாலேயே இருக்கு" என்றேன்.

ஏஜிமா-சானின் பதிவைத் திறந்தோம். நாக்காக்யோ வார்டு, கமேயா பேட்டை, ஒரு எண். சுத்தமான விலாசம். அவருடைய மருத்துவமனையிலிருந்து வந்த அசல் விலாசத்தைச் சுத்தம் செய்தபின் சுத்தமானதை மட்டுமே வைத்திருந்தோம், அசலை வைக்கவில்லை. அஞ்சல் குறியீட்டுக் கட்டம் காலி. அவருக்கான பச்சைப் புள்ளி கோக்கோமாச்சித் தெருவில் விழுந்திருந்தது. அது சகாய்மாச்சிக்குக் கிழக்கே, சில தெருக்கள் தள்ளி. அங்கே கரண்ட் இருந்தது.

"அவர் சகாய்மாச்சின்னு சொன்னார்."

"இங்க கோக்கோமாச்சின்னு இருக்கே. அவர் மூச்சுத்திணறல்ல மாத்திச் சொல்லியிருக்கலாம்."

"சொந்த ஊர்க்காரன் சாகும்போதுகூட தெருப் பேரை மாத்திச் சொல்ல மாட்டான். கமேயா பேட்டைன்னு எத்தனை இருக்கு, பாருங்க."

அவன் பதிவேட்டில் தேடினான். ஒரே வார்டில், அதே பெயரில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. கமேயா என்றால் ஆமைக்கடை; அந்தப் பெயரில் ஒரு கடை ஒவ்வொரு மூலையிலும் இருந்ததோ என்னவோ, அந்தக் காலத்தில் ஆளாளுக்கு அதே பெயரை வைத்துக்கொண்டார்கள். எங்களுக்கு அதனால் ஒரு தொந்தரவும் வந்ததில்லை, ஏனென்றால் நாங்கள் பேட்டைப் பெயரை நம்புவதே இல்லை. குவபாரா தேடலை நிறுத்தினான். அவன் தன் நிரலில் ஒரு வரிக்குப் போய் விரலை வைத்தான். ஒரே பெயரில் பல இடங்கள் பொருந்தினால், முதலில் கிடைப்பதை எடு. அவ்வளவுதான் அந்த வரி. பார்க்கத் துப்புரவாக இருந்தது.

"ஒண்ணுகூடத் தவறலைன்னு சொன்னேனே" என்றான்.

"அதை அப்புறம் பேசலாம். இப்ப அவர் எங்க இருக்கார்?"

நான் செனோ-சானிடம் ஓடினேன். ஒரே பெயருள்ள பேட்டைகளில் இருக்கும் நோயாளிகள் எல்லோரையும் போனில் கூப்பிட்டு, கரண்ட் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார், ஆட்களைப் பிரித்துவிட்டார். ஆனால் ஏஜிமா-சானின் போன் செத்துக் கிடந்தது, அவர் வீட்டுக்குப் போய்ப் பழகிய ஓட்டுநரோ புயலில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார், போனை எடுக்கவில்லை. சகாய்மாச்சி நெடுகக் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போவதற்குள் அவருடைய முள் பூஜ்யத்தைத் தொட்டுவிடும்.

திரும்பி வந்தபோது குவபாரா அசையாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உராத்தானி-சான், சகாய்மாச்சி நேரான தெருவா?"

"கயிறு பிடிச்ச மாதிரி. ஏன்?"

"வடக்கு தெற்காவா? சரியாவா?"

"இந்த ஊர்ல வேற எப்படி இருக்கும்?"

"அப்ப அந்தத் தெரு முழுக்க தீர்க்கரேகை ஒண்ணுதான்." அவன் சொன்ன விதம், சத்தமாகச் சொன்னால் கலைந்துவிடும் என்பது போல இருந்தது. "மேல இருந்தாலும் கீழ இருந்தாலும் அதே எண். தெருப் பேரே ஒரு எண்ணு. குறுக்குத் தெருன்னா அட்சரேகை. உங்க விலாசம்... உங்க விலாசமே ஏற்கெனவே ரெண்டு எண்ணாத்தான் இருக்கு. நான் அந்த ரெண்டு எண்ணையும் அழிச்சுட்டு, திரும்ப அதையே தேடிக்கிட்டு இருந்திருக்கேன்."

நாற்பத்தாறு வருஷமாக அந்தத் தெருக்களில் நடந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு, கடைக்கு, காதலனைப் பார்க்க, அவனை விட்டு வர. இந்தச் சந்திப்பு, இங்கிருந்து ஏறு, அங்கிருந்து இறங்கு என்று ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள் பேசும் பேச்சைத்தான் இத்தனை நாளாக நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் வெறும் வயலில் கம்பு நட்டுக் கயிறு பிடித்து இந்த நகரத்தைப் போட்டவர்கள், சூரியனையும் நட்சத்திரத்தையும் பார்த்து வடக்கைக் கண்டுபிடித்தவர்கள். பின்னால் வந்தவர்கள் நடுநடுவே புதுத் தெரு போட்டபோதும் அந்தக் கோட்டைக் கைவிடவில்லை. தீ வந்தது, போர் வந்தது, ஊர் பல முறை எரிந்து தரைமட்டமானது. எண்கள் மட்டும் எரியவில்லை, ஜனங்களின் வாயில் இருந்தன. அன்றைக்குக் கயிற்றின் நுனியைப் பிடித்திருந்தவன் எவனோ, அவன் காலில் விழலாம் போல இருந்தது.

"தட்டுங்க" என்றேன். குவபாரா தட்டினான். சகாய்மாச்சியின் தீர்க்கரேகையை ஒரு சந்திப்பிலிருந்து எடுத்தான். முதலில் கிடைப்பதை எடு என்ற வரியை அழித்தான். அந்த எண்ணுக்கு மிக அருகில் இருப்பதை எடு என்று எழுதினான். ஒரே வரிதான். ஓடவிட்டான்.

பச்சைப் புள்ளி கோக்கோமாச்சியிலிருந்து மறைந்து, மேற்கே போய், கொஞ்சம் வடக்கே போய் விழுந்தது. விழுந்ததும் சிவப்பானது. கமேயா பேட்டைகளில் சகாய்மாச்சியைத் தொடுவது அது ஒன்றுதான். அதற்குத் தெற்கே இருந்த முதல் குறுக்குத் தெரு நிஜோ.

பாதி விலாசம் எங்களிடம் இருந்தது, பாதி அவர் மூச்சில் இருந்தது. இரண்டும் சேர்ந்துகொண்டன.

வண்டிகள் எல்லாம் வெளியே போயிருந்தன. எங்கள் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவருக்குக்கூட சிலிண்டர் மாற்றும் பயிற்சி உண்டு. கிடங்கிலிருந்து ஒரு சிலிண்டரைச் சின்னத் தள்ளுவண்டியில் கட்டினோம். குவபாரா தன் மழைக்கோட்டைத் தேடினான். "சட்டை கசங்கினா பரவாயில்ல, வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

சகாய்மாச்சி எங்கள் ஆபீஸுக்குப் பக்கத்துத் தெரு. மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது, காற்று முதுகில் தள்ளியது. வழியெல்லாம் உடைந்த ஓடு, விளம்பரப் பலகை, யாருடைய வீட்டிலோ உலர்த்தியிருந்த ஒற்றைக் காலுறை. பாதி வழிக்குமேல் கரண்ட் இல்லாத பகுதி தொடங்கியது. பானம் விற்கும் தானியங்கிப் பெட்டிகள் எல்லாம் இருண்டு கிடந்தன. அவை இருட்டாக இருந்து நான் பார்த்ததே இல்லை. ஓய்க்கேப் பெருஞ்சாலையில் சிக்னல் விளக்கு செத்திருந்தது, கார்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தன. நாங்களும் தலையாட்டிவிட்டுக் கடந்தோம்.

அதற்கப்புறம் குவபாராவுக்கு மூச்சு வாங்கியது. வண்டியைத் தள்ளுவது அவன்தான்.

"இது ஏறுது" என்றான்.

"எது?"

"தெரு. உண்மையாவே ஏறுது. பார்த்தா தெரியலை, வண்டியைத் தள்ளினாத் தெரியுது."

"வடக்கே போகப் போக மேடுதான். ஆறு எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்த்ததில்லையா?"

"நான் அதை ஏதோ அரண்மனை மரியாதைன்னு நினைச்சேன். ராஜா இருக்கற பக்கம் மேல, அப்படின்னு."

"அதுவும்தான். தள்ளுங்க."

அவன் தள்ளினான். மழையில் தலைகுனிந்து, ஒவ்வொரு அடியிலும் அந்தச் சொல்லின் எடையைக் கையில் தாங்கிக்கொண்டு தள்ளினான். எனக்கு அவன் மேல் இருந்த எரிச்சல் எந்தச் சந்திப்பில் உதிர்ந்தது என்று தெரியவில்லை. பயம் மட்டும் அப்படியே இருந்தது. புள்ளி சரியாக விழுந்திருந்தாலும் முள் எங்கே நிற்கிறதோ யாருக்குத் தெரியும்.

நிஜோ வந்தது. சந்திப்பில் ஒரு நொடி நின்றோம், அங்கிருந்து ஏறினோம். எங்கள் ஊரில் வீட்டு எண்கள் வரிசையாக இருக்காது, எண்ணை வெளியே மாட்டுகிறவர்களும் குறைவு. மழை நிற்பதற்கு முன்பே ஒரு பெண்மணி தன் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர்ப் பெண்கள் பிரளயம் வந்தாலும் அது வடிவதற்கு முன்பே வாசலைப் பெருக்குவார்கள்.

"ஏஜிமா-சான் வீடு?"

"மாஜாங்கா? அந்தப் பச்சைக் கதவு. ரொம்ப நேரமா சத்தமே இல்ல, வழக்கமா இந்தப் பக்கம் போறவங்களையெல்லாம் வம்புக்கு இழுப்பாரு." அவள் தள்ளுவண்டியைப் பார்த்தாள், துடைப்பத்தைப் போட்டுவிட்டு எங்களுக்கு முன்னால் ஓடிக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

உள்ளே இருட்டு. வாசலுக்கு அடுத்து வெறுந்தரை, அதற்கப்பால் முழங்கால் உயரத்தில் வீட்டின் மரத்தளம். அந்த மரத்தளத்தின் விளிம்பில் ஏஜிமா-சான் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மெலிந்த, பெரிய காதுள்ள மனிதர். உதடு நீலமாக இருந்தது. இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்க, இல்லாத காற்றை இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த சிலிண்டரின் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.

எங்களைப் பார்த்தார். பேச முடியவில்லை, புருவத்தை மட்டும் தூக்கினார்.

என் விரல்கள் பயிற்சியை ஞாபகம் வைத்திருந்தன. பழையதை மூடு, கழற்று, புதியதில் மாட்டு, முடுக்கு, திற. குவபாரா குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் கை என்னுடையதைவிட உறுதியாக இருந்தது. ஸ்ஸ் என்ற மெல்லிய சத்தம் கேட்டது. முள் ஒரு துள்ளுத் துள்ளி மேலே போய் நின்றது.

பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை, பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர. அவர் இழுத்தார், விட்டார், இழுத்தார். மூச்சு என்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நாம் யாரும் கவனிக்காத வேலை. தோள்கள் மெல்ல மெல்லத் தணிந்தன. உதட்டின் நீலம் ஓரத்திலிருந்து கலையத் தொடங்கி, சாம்பலாகி, சாதாரண மனித நிறத்துக்கு வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மழைத் தண்ணீரோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டேன். கூரையில் மழைச் சத்தம் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"நான் பாதிதானே சொன்னேன்" என்றார் ஏஜிமா-சான். குரல் திரும்பியிருந்தது, அதனோடு வம்பும். "போன் செத்துப்போச்சு. மீதியை யார் சொன்னது?"

நான் குவபாராவைக் காட்டினேன். அவன் கீழே வெறுந்தரையில், நனைந்து ஒட்டிய சட்டையோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"என்னை மன்னிக்கணும். நாங்க உங்க விலாசத்தைத் தப்பா..."

"அதைக் கேக்கலை. மீதி என்னன்னு கேட்டேன்."

குவபாரா நிமிர்ந்தான். "சகாய்மாச்சி, நிஜோ" என்றான். அடுத்த சொல்லுக்கு முன்னால் கொஞ்சம் நின்றான். டோக்கியோ நாக்கு அதற்குள் போகத் தயங்கியது போல இருந்தது. "அகாரு."

"தெரியுதில்ல?" ஏஜிமா-சான் அவனுடைய ஈரக் காலணியைப் பார்த்தார், அப்புறம் மரத்தளத்தில் தன் பக்கத்தில் இருந்த இடத்தைக் கையால் தட்டினார். "அப்புறம் ஏன் கீழயே நிக்கறீங்க? சொன்னதைச் செய்ங்க."

குவபாரா குனிந்து காலணிகளைக் கழற்றினான். அவற்றை வாசலைப் பார்த்து ஒழுங்காகத் திருப்பி வைத்தான். பிறகு ஏறினான்.